சோபா வருகிறாள்

“நிறுத்துங்க சார், இடிக்குது!” என்று மேல்படியிலிருந்து தர்மன் கத்தியது தட்சிணாமூர்த்தியின் காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் தம் கட்டிவிட்டால், கட்டிய தம்மை வீணாக்க மனசு வருமா? “இன்னும் ஒரே ஒரு தள்ளு, தம்பி” என்று சொல்லி, தோளைக் கொடுத்து, நெல்லையப்பா என்று உந்தினார். சோபா ஒரு முக்கு முக்கியது. சுவரிலிருந்து சர்க்கார் சுண்ணாம்பு ஒரு கைப்பிடி உதிர்ந்தது. பிறகு அது பாட்டில் வாயில் தக்கை உட்கார்வது மாதிரி மாடிப்படித் திருப்பத்தில் அம்சமாக உட்கார்ந்துகொண்டது.

இழுத்தால் வரவில்லை. தள்ளினால் போகவில்லை. மேலே தர்மன், கீழே தட்சிணாமூர்த்தி, நடுவே மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய பாசிப்பச்சை நிற வெளிநாட்டுச் சோபா.

“சார், இப்ப நான் எப்படி இறங்குறது?”

“நான் எப்படி ஏறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். இரு.”

தர்மன் மோதி பாக் மார்க்கெட்டில் கைவண்டி இழுப்பவன். விழுப்புரத்துப் பக்கம். “இதுக்கு ரெண்டு ஆள் வேணும் சார்” என்று அவன் அப்போதே சொன்னான். “இன்னொரு ஆள் எதுக்கு? அதான் நான் இருக்கேனே” என்று மார்பைத் தட்டியவர் தட்சிணாமூர்த்தி. வாசல் கதவைக் குடையால் அளந்து பார்த்தவரும் அவரே. சோபாவையும் அதே குடையால் அளந்தார். இரண்டும் பொருந்தின. வாசல் கதவுக்குப் போய்ச் சேர மாடிப்படி என்று ஒன்று உண்டு, அதற்குத் திருப்பம் என்று ஒன்று உண்டு என்பதைக் குடை அவரிடம் சொல்லவில்லை.

மேலே கதவு திறந்து சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, சோபா வந்துட்டா?”

“வந்துட்டு. முழுசா வரல.”

அவள் சோபாவின் முதுகுக்கு மேலே தெரிந்த கணவனின் வழுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றாள். சோபாவைச் சொன்னாளா, கோலத்தைச் சொன்னாளா என்று தெரியவில்லை. சுந்தரவல்லியின் பதில்கள் கொஞ்ச காலமாகவே அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. தட்சிணாமூர்த்தி மத்திய சர்க்காரில் அசிஸ்டென்ட். பேசாமலே உபதேசம் செய்த கடவுளின் பெயரை அவருக்கு வைத்தார்கள். பெயர் வைத்த ராசி, அவரால் கொட்டாவி விடும்போதுகூட வாயை மூட முடியாது. பாளையங்கோட்டையில் அவருடைய அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது கிடையாது. ஒரு முழம் பிச்சிப்பூ, நாலு பழம், ஒன்றும் தோதுப்படாத நாளில் வழியில் ஒரு வேப்பங்குச்சியாவது ஒடித்துக்கொண்டு வருவார். ‘ஆம்பளை வெறுங்கையோட வீட்டுக்குள்ள நொழையப்படாது’ என்பது அவர் வாக்கு. பிள்ளை அந்த வாக்கை அப்படியே தில்லிக்கு எடுத்துவந்துவிட்டார். தில்லியில் பிச்சிப்பூ கிடைக்கவில்லை. எம்பசி சேல் கிடைத்தது.

சாணக்யபுரியில் வெள்ளைக்காரத் துரைகள் மாற்றலாகி ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். அந்தப் புல்தரையைப் பார்த்துவிட்டால் தட்சிணாமூர்த்திக்குக் கை நிற்காது. அப்படி வந்தது கால்ஃப் பை ஒன்று, இரண்டே இரண்டு மட்டையோடு. அது இப்போது குரங்கு விரட்ட. அப்படி வந்தது ரொட்டி வாட்டும் மெஷின். அவர்கள் ஊர் மின்சாரத்துக்குப் பழகிய அது, நம் ஊர் மின்சாரத்தைக் கண்டதும் ஒரே ஒரு தீபாவளி கொண்டாடிவிட்டு அடங்கிவிட்டது. ஆறு நீள முள்கரண்டிகளோடு ஒரு செம்புச் சட்டி வந்தது. எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, சுந்தரவல்லி அதில் புளி போட்டு வைத்திருந்தாள். கண்ணாடி மீன்தொட்டியும் உண்டு. சைவ வீடாகையால் அதில் வெங்காயம் நீந்தியது.

ஒரு ஜனவரியில் சுந்தரவல்லி, “இந்த ஊர்க் குளிருக்குக் காலெல்லாம் மரத்துப்போகுது” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுவாரமே பனியில் சறுக்கும் கட்டை ஒரு ஜோடி வீட்டுக்கு வந்தது, அதற்கான பூட்ஸோடு. மோதி பாக்கில் பனிமலை இல்லை என்பதை அவள்தான் அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் எதற்கும் நேராகப் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

இப்போது அவளிடமிருந்து நேரான ஒரு பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. உத்தியோகம் உயர்ந்ததால் பெரிய வீட்டுக்கு அவருடைய முறை வந்திருந்தது. திமார்பூரில், தரைத்தளம், கூடுதலாக ஓர் அறை. நாளை, திங்கட்கிழமை காலைக்குள் சரியென்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெரிய வீடு வரப்போகிறது என்ற தைரியத்தில்தான் இந்தச் சோபாவையே வாங்கினார். ஆனால் மோதி பாக் தில்லிக்குத் தெற்கே என்றால் திமார்பூர் வடகோடி. மகள் வடிவு நடந்தே போகும் தமிழ்ப் பள்ளி, செவ்வாய்க்கிழமை தவறாமல் போகும் மலை மந்திர் முருகன், கீழ்வீட்டுப் பல்லா மாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

“திமார்பூர் போவோமா?” என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒங்க இஷ்டம்.”

“ஒன் இஷ்டம் என்னன்னு கேக்கேன்.”

“பால் பொங்குது.”

இன்றைக்கும் விடவில்லை. சோபாவின் காலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தது. அதன் வழியாகக் குனிந்து கேட்டார். “திமார்பூர்னா தரைத்தளம், பாத்துக்க. இந்தப் பாடெல்லாம் கிடையாது. என்ன சொல்லுத?”

“தம்பி, கைகால் கழுவிட்டு உள்ள வாங்க. சொதி சூடா இருக்கு” என்றாள் சுந்தரவல்லி, தர்மனிடம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். தேங்காய்ப்பால் வாசனை சந்து வழியாக இறங்கி வந்து தட்சிணாமூர்த்தியின் மூக்கைப் பிடித்துத் திருகியது. மேலே, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா, தேவாமிர்தமா இருக்கு” என்று தர்மனின் குரல் கேட்டது. ஒரு மனிதர் தன் காசில் வாங்கிய சோபாவுக்குக் கீழே நின்றுகொண்டு, தன் வீட்டு இலையில் இன்னொருவர் சாப்பிடும் சப்தத்தைக் கேட்பது என்பது எல்லோருக்கும் வாய்க்கிற அனுபவம் அல்ல.

சற்றுப் பொறுத்து வடிவு ஒரு டிபன் டப்பாவைச் சந்து வழியாக நீட்டினாள். பதின்மூன்று வயசு, தில்லியில் பிறந்தவள். தமிழை மாடிப்படி மாதிரி, இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் பேசுவாள்.

“அப்பா, ஜல்தி பிடிங்க, ஹாத் வலிக்குது. அப்பா, உள்ள வந்து பாக்கணுமே! ரூம் ஏக்தம் காலி. கத்தினா எக்கோ வருதுப்பா!”

சோபாவுக்கு இடம் வேண்டும் என்று நேற்றே அவர் முன்னறைச் சாமான் அத்தனையையும் பின்கட்டுக்கும் பால்கனிக்கும் தள்ளியிருந்தார். தள்ளிய அவசரத்தில், காலியான முன்னறையை அவர் நின்று பார்க்கவில்லை.

அவர் படியில் உட்கார்ந்து இரண்டாவது வாய் சொதி வைக்கும்போதுதான், கீழே டோலக் சப்தம் கேட்டது.

பல்லா மாமி வந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி, தட்சிணாமூர்த்தி வீட்டுக்காரர்கள் அவளை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போய், பால்காரரிடம்கூடத் தன்னை ‘மாமிஜி’ என்றே சொல்லிக்கொள்வாள். கையில் தட்டு, தட்டில் விளக்கு, லட்டு, குங்குமம். பின்னால் பக்கத்து பிளாக் பெண்கள் மூன்று பேர், ஒருத்தி கழுத்தில் டோலக். எல்லோருக்கும் பின்னால் இஸ்திரி போட்ட ஜிப்பாவில் பல்லா சாஹிப், கண்ணைத் துடைத்தபடி.

“பாய்சாஹிப், முபாரக் ஹோ! எங்கே எங்கள் ஷோபா?” என்று மாமி இந்தியில் முழங்கினாள்.

தட்சிணாமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சோபாவுக்கு விளக்கெடுக்க வந்திருக்கிறார்களே! எச்சில் கையோடு எழுந்து, பெருமையாக மேலே காட்டினார். “யஹ் ஹை!”

மாமி பார்த்தாள். படியில் பெரிய பச்சைச் சோபா ஒன்று குறுக்கே நெருக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் பார்த்தாள், இடுக்கில் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

“ஹே பகவான்! குழந்தை அடியில் மாட்டிக்கொண்டுவிட்டதே! யாராவது ஓடி வாருங்கள்!”

டோலக் நின்றது. பல்லா சாஹிப் சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கினார். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். “எந்தக் குழந்தை? கோன் பச்சா?” என்று தட்சிணாமூர்த்தி எல்லோரையும் மாறி மாறிக் கேட்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இவ்வளவு பெரிய விபத்து நடந்திருக்கிறது, இந்த மனுஷர் கையில் டிபன் டப்பா!

மேலே இருந்து சந்து வழியாக வடிவின் தலை தெரிந்தது. மாமியும் அவளும் சரமாரியாக இந்தியில் பேசிக்கொண்டார்கள். வடிவின் கண் மெல்ல மெல்ல விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா! நீங்க பல்லா அங்கிள்கிட்ட என்ன சொன்னீங்க?”

நினைத்துப் பார்த்தார். புதன்கிழமை பால் பூத்தில், மகிழ்ச்சி தாங்காமல் சொன்னதுதான்.

இங்கே தமிழின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுத்து விஷயத்தில் தமிழுக்குப் பேராசையே கிடையாது. இந்திக்காரர்கள் ஒரு ‘ப’வுக்கு நாலு ‘ப’ வைத்திருக்கிறார்கள். போதாதென்று அதில் ஒன்றுக்குக் கீழே புள்ளி வைத்து இன்னொன்றும் செய்துகொள்கிறார்கள். தமிழோ ஒரே ஒரு ‘ப’வை வைத்துக்கொண்டு பாம்பு, பாபு, பல்பு எல்லாவற்றையும் கௌரவமாகச் சமாளித்துவிடுகிறது. ‘ஸ’, ‘ஷ’ கதையும் அவர் நாக்கில் அப்படியேதான். ஆக, ஸோஃபா என்று ஊரார் சொல்வது தட்சிணாமூர்த்தியின் வாயில் ஷோபா என்று வந்ததில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஷோபா என்று பஞ்சாபிப் பெண்களுக்குப் பெயர் இருந்ததும் அவர் குற்றம் இல்லை.

அடுத்தது, பால். இந்தியில் நாற்காலி பெண், கட்டில் ஆண், ஜன்னல் பெண், கதவு ஆண். பதினெட்டு வருஷம் தில்லியில் இருந்தும் இந்த ரகசியம் அவருக்குப் பிடிபடவில்லை. எதற்கும் மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெண்ணாகவே பேசிவிடுவார். அதனால் அன்று பால் பூத்தில் நடந்த பேச்சைத் தமிழில் சொல்வதானால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

“எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷோபா வருகிறாள்.”

“அப்படியா! எங்கிருந்து?”

“சாணக்யபுரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து. அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். இவளைக் கொண்டுபோக முடியாதாம். விட்டுவிட்டுப் போகிறார்கள்.”

“அடப்பாவமே! என்ன வயசு?”

“பத்து. பார்த்தால் தெரியாது. நல்ல கனம். ஒரு கால் மட்டும் கொஞ்சம் பலவீனம்.”

“கால் சரியில்லாதவளையா நீங்கள்…”

“அதனாலென்ன? காலுக்கு ஒரு கட்டை கொடுத்துவிட்டால் போகிறது.”

அப்போது பல்லா சாஹிப் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். “நீங்கள் மனுஷர் இல்லை, தேவதா” என்றார். பஞ்சாபிகளுக்கு மரச்சாமான் மேல் இவ்வளவு பக்தியா என்று தட்சிணாமூர்த்தி வியந்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

வடிவு விளக்கிச் சொல்லி முடித்தாள். பல்லா மாமி தட்டைப் படியில் வைத்தாள். சுவரில் சாய்ந்தாள். அவள் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. அது டோலக்காரியைத் தொற்றி, பல்லா சாஹிபைத் தொற்றி, சந்து வழியாக மேலே ஏறி, சுந்தரவல்லியையும் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதில்லை. தர்மனுக்குப் புரை ஏறியது.

“அப்பா, சோஃபா ஆம்பளை ஜெண்டர்ப்பா! ‘ஆ ரஹா ஹை’, வர்றான்னு சொல்லியிருக்கணும்!” என்று வடிவு கத்தினாள்.

“இனிமே கவனமா இருக்கேன், ஏட்டி” என்றார் தட்சிணாமூர்த்தி. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், மாமி தோளில் மாட்டியிருந்த பையை அவர் கையில் திணிக்கும்வரை. “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய ஷோபாவுக்கு இது எங்கே போதும்?” என்றாள் அவள், கண்ணீரைத் துடைத்தபடி.

பைக்குள் பத்து வயதுப் பெண்ணுக்கு அளவான சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. கூடவே கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. உள்ளே இரட்டையாகப் பின்னியிருந்தாள். பலவீனமான காலுக்காக.

புதன்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு காலைக்குள் பின்னியிருக்கிறாள். தட்சிணாமூர்த்தி அந்தத் தடித்த காலுறைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் பெயருக்கு அன்றைக்குத்தான் பொருத்தம் வந்தது.

பிறகு சோபாவை மீட்கும் வைபவம். கீழே அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராக இழுத்தார்கள். மேலே தர்மன் சொதியின் பலத்தோடு தள்ளினான். “ஸோர் ஸே!” என்று, பலமாக இழுக்கச் சொல்லிப் பல்லா சாஹிப் ஆணையிட்டு, தனக்கு வாகாகக் கிடைத்த ஒரு காலைப் பிடித்து வெட்டி இழுத்தார். அதுதான் அந்தப் பலவீனமான கால். அது கையோடு வந்துவிட்டது. அது வந்ததும் சோபாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. தடதடவென்று அது படியிறங்க, ஆளாளுக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, ஒதுங்கத் தெரியாத பல்லா சாஹிப் மட்டும் அதில் பொத்தென்று உட்கார்ந்து, கையில் சோபாவின் காலைச் செங்கோல் போலப் பிடித்தபடி, ராஜா மாதிரி வாசலுக்கு வந்து சேர்ந்தார். டோலக்காரி சும்மா இருப்பாளா? கல்யாணப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள்.

பிளாக்குக்கு முன்னால் புல்தரையில் சோபாவைப் போட்டார்கள். கால் போன இடத்தில் செங்கல் வைத்தார்கள். மாமி அந்தத் தடித்த காலுறையைச் செங்கல்லுக்கு மாட்டிவிட்டாள். ஜனவரி வெயில். தில்லிக் குளிரில் அந்த வெயிலுக்கு விலையே சொல்ல முடியாது. ஊரில் இருந்தவரை வெயிலைக் கண்டால் ஓடி ஒளிந்த தட்சிணாமூர்த்தி, இங்கே ஞாயிறு முழுக்க அதன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து உட்காருவார். சோபாவில் மாமிகள் உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள். கைப்பிடியில் வடிவு. புல்லில் மற்றவர்கள். லட்டு சுற்றி வந்தது. சுந்தரவல்லி மிச்சச் சொதியை இறக்கி வந்து எல்லோருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். பல்லா சாஹிப் அதை டீ மாதிரி உறிஞ்சி, “வாஹ்! சூப்!” என்றார். அப்புறம் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

தர்மன் விடைபெற்றுப் போனான். தோளில் நீளமாக என்னவோ இருந்தது. பார்த்தால், பனிச்சறுக்குக் கட்டை.

“அக்கா எடுத்துக்கச் சொன்னாங்க சார். குடிசைக் கூரைக்கு நல்ல முட்டு. பூட்ஸும் குடுத்தாங்க.”

கட்டை தெருமுனை திரும்பும்வரை தட்சிணாமூர்த்தி பார்த்துக்கொண்டே நின்றார். வயிறு எரியும் என்று எதிர்பார்த்தார். எரியவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் பட்டாபி வந்தார். கும்பகோணத்துக்காரர், அதே ஆபீஸ், திமார்பூர் வாசி. நாளைய பதிலை இன்றே வாங்கிப்போக வந்திருந்தார்.

“என்னங்காணும் இது, திறந்தவெளி தர்பாரா?” என்று சோபாவில் இடம் பிடித்தார். “சரி, விஷயத்துக்கு வாரும். திமார்பூருக்கு வரீரா, இல்லையா? காலம்பற சொல்லியாகணும். எங்க பக்கத்து பிளாக். சாயங்காலம் சீட்டுக்கு ஒரு கை குறையறது ஓய்.”

“சோபாதான் உள்ள போகலியே, பட்டாபி. அதுக்காகவாவது வந்துதான் ஆகணும் போல.”

இதை வடிவு மாமிக்கு மொழிபெயர்த்துவிட்டாள். மாமியின் கை பட்டாணியில் நின்றது.

“ஷோபாவுக்காகவா வீட்டைக் காலி பண்ணுகிறீர்கள்? என் வீடு தரைத்தளம்தானே? கதவு நேராகத்தானே இருக்கிறது? ஷோபா எங்களோடு இருக்கட்டும். நான்தான் புதன்கிழமையே மனசுக்குள் தத்து எடுத்துவிட்டேனே! நீங்கள் தினமும் வந்து அவள்மேல் உட்காருங்கள்.”

இந்தியில் மாமியும் சோபாவைப் பெண்ணாகவே பேசினாள். வடிவு திருத்தவில்லை. பத்து நிமிஷத்தில் ஷோபா எந்தச் சுவரிலும் இடிக்காமல், சமர்த்தாக, கீழ்வீட்டுக்குள் குடிபுகுந்தாள். பல்லா சாஹிப் விளக்குச் சுற்றினார்.

பட்டாபி விடுகிற ஆள் இல்லை. புல்தரையில் தட்சிணாமூர்த்தியைத் தனியாக ஓரங்கட்டினார். “போனாப் போறது ஓய், ஒரு ஓட்டைச் சோபா. திமார்பூர் வாரும், கூட ஒரு ரூம். அதை எப்படி ரொப்பறதுன்னு நான் சொல்றேன்.” குரலைத் தாழ்த்தினார். “வசந்த் விஹார்ல ஒரு துரை ஊருக்குப் போறான். பியானோ விக்கறானாம்.”

பியானோ!

தட்சிணாமூர்த்தியின் வலது கை தானாக ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுவிட்டு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. கறுப்பாக, பளபளவென்று, மேலே ஒரு பூஜாடி வைத்தால்… ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இடது கையில் ஏதோ உறுத்தியது. மிச்சமிருந்த ஒற்றைக் காலுறை. சாதாரணக் காலுக்கானது.

“இரும். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்.”

“ஒரு வாரமா கேட்டுண்டுதானே இருக்கீர்?”

“கேட்டேன். அவ பால் பொங்குதுன்னா. இன்னைக்கு அடுப்பு அணைஞ்சிட்டு.”

படியேறினார். திருப்பத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. மற்றபடி வழி காலியாக இருந்தது. அந்தப் படியில் இவ்வளவு இடம் உண்டு என்று அவர் கவனித்ததே இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது.

முன்னறையில் ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயில், தடுக்க ஒரு சாமானும் இல்லாமல், அறை முழுக்கப் பாய் விரித்தது மாதிரி கிடந்தது. நடுவில் சுந்தரவல்லி, கையைத் தலைக்கு வைத்து, காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷமாக அவள் கால் நீட்டிப் படுத்து அவர் பார்த்ததில்லை. நீட்டினால் ஒரு பக்கம் மீன்தொட்டி இடிக்கும், இன்னொரு பக்கம் கால்ஃப் மட்டை.

அவரைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை. அதுவே புதுசாக இருந்தது. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை வெயில் பட்டுச் சூடாக இருந்தது.

“சோபா மாமி வீட்டுக்குப் போயிட்டு.”

“பாத்தேன்.”

“கட்டையைத் தர்மன்கிட்ட குடுத்திட்டியாமே.”

“ம்.”

“கால்ஃப் பை?”

“நாளைக்கு இஸ்திரிக்காரர் வாரேன்னுருக்காரு.”

“அந்தச் செம்புச் சட்டியாவது…”

“அதுல புளி இருக்கு. அது கெடக்கட்டும்.”

கீழே பட்டாபி இருமும் சத்தம் கேட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறவருடைய இருமல். தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். ‘ஏய்’ என்றார். அறை அதைத் திருப்பிச் சொன்னது. வடிவு சொன்னது நிஜம்தான். அவருக்கே சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை ‘ஏய்’ என்று பார்த்தார்.

“சின்னப்புள்ள மாதிரி என்ன செய்யுதீய?” என்றாள். அவளும் சிரித்தாள்.

“பட்டாபி கீழ நிக்காரு. கேட்டுட்டு வாரேன்னு வந்தேன். வல்லி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கேன். பால் பொங்குது, ரசத்துல உப்பில்லன்னு சொல்லாம, நேரா பதில் சொல்லு. ஒனக்கு என்னதான் வேணும்?”

சுந்தரவல்லி தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“சொன்னா வாங்கிட்டு வந்துர மாட்டீயளே?”

“மாட்டேன்.”

“நெல்லையப்பர் மேல?”

“நெல்லையப்பர், காந்திமதி ரெண்டு பேர் மேலயும்.”

அவள் மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டாள். காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். எதுவும் இடிக்கவில்லை.

“திமார்பூர் வேண்டாம். நான் வரமாட்டேன். எனக்கு இந்த வீடு போதும், கீழ மாமி போதும், இந்த ரூம்பு இப்படியே வெறுமனே கெடந்தாப் போதும். நாளையில இருந்து ஆபீஸ் விட்டா நேரா வெறுங்கையோட வீட்டுக்கு வாங்க.”